நாலு வெட்டுக்காரனும் ஹார்பி பாட்டும்

ஏலே, நாற்காலியில மல்லாக்கச் சாஞ்சி விட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தா தோத்த சண்ட ஜெயிச்ச சண்டயா ஆயிருமா? நிமுந்து உக்காரு. தாத்தா ரெண்டு வார்த்த சொல்லுதேன். கேக்கதுக்குக் காசு வேண்டாம். கேக்காமப் போனாத்தான் செலவு.

"கேம்ல பேலன்ஸ் சரியில்ல தாத்தா"ன்னு சொன்ன பாரு, எனக்குச் சிரிப்பாணி அடக்க முடியல. பெல்ஜியத்துல கெண்ட்டுன்னு ஒரு ஊரு. அந்த ஊர் லாரியன் ஸ்டுடியோஸ்காரன் 2020 அக்டோபர்ல பால்டர்ஸ் கேட் 3-ஐ அரகொறையா வெளிய விட்டு, ஆடுனவன் ஏசுன ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டு, திருத்தித் திருத்தி 2023 ஆகஸ்டுலதான் முழுசா எறக்குனான். அந்த வருசத்துச் சிறந்த கேம்னு பட்டமும் வாங்கிட்டான். அவ்வளவு பாடுபட்டவனுக்குத் தெரியாத பேலன்ஸ், இப்பத்தான் ஆடப் பழகுத ஒனக்குத் தெரிஞ்சிட்டு. பெரிய ஆளுதாம்ல நீ.

சரி, ஒன் படையப் பாப்பம். நீ பார்பேரியன். ஒனக்கு வலது பக்கம் லேசெல், ஃபைட்டர். எடது பக்கம் கார்லக், அவளும் பார்பேரியன். நாலாவதா எவனையாவது சேத்திருப்பன்னு பாத்தா, விதர்ஸுன்னு முகாம்ல நிக்க கெழவன்கிட்ட 100 பொன்னு அழுது கூலிக்கு ஒருத்தனப் பிடிச்சிட்டு வந்திருக்க. அவனும் ஃபைட்டர். நாலு பேர் கையிலயும் ஆள் ஒசரத்துக்கு ஆயுதம். கல்யாண வீட்டு வாசல்ல நிக்க வச்சிப் போட்டோ எடுத்தா அம்சமாத்தான் இருக்கும். முகாம்ல யாரெல்லாம் சும்மா கெடக்கான்னு பாத்தியா? கேல் பொஸ்தகத்தப் பெரட்டிக்கிட்டிருக்கான். அஸ்டாரியன் கண்ணாடியப் பாத்துக்கிட்டிருக்கான், ரத்தக்காட்டேரி மூஞ்சி அதுல தெரியாதுங்கது வேற விசயம். ஷேடோஹார்ட் கூடாரத்து வாசல்ல நின்னு, இவன் எப்பக் கூப்பிடுவான்னு பாக்கா.

ஏன் அவளக் கூட்டிட்டுப் போகலன்னு கேட்டா, "அவ எறிஞ்சா ஒண்ணுமே பட மாட்டேங்கு தாத்தா"ங்க. நீ எத எறியச் சொன்ன? ஃபயர் போல்ட். அது கோயில்ல படிச்சி வந்த வித்தயில்ல மூதி, அவளுக்குப் பாதி எல்ஃப் ரத்தத்துல வந்தது. அதுக்கு இன்டெலிஜென்ஸ் பாக்கும். அவ இன்டெலிஜென்ஸ் 10. விஸ்டம் 17. கிளெரிக் மந்திரத்துக்கெல்லாம் விஸ்டம்தான் கணக்கு. சேக்ரட் ஃபிளேம் சொன்னன்னா, எதிராளி டெக்ஸ்டரிட்டிய வச்சி ஒதுங்கிக்கலாம். அந்தக் கோப்ளின் பயலுவ என்ன, துள்ளுதத் தவிர வேற எதுக்காவது லாயக்கா? ஆகாத வேலய அவகிட்டக் குடுத்துட்டு அவ தலயில பழியப் போடுத. மூணு பேர் மேல பிளெஸ் போடச் சொல்லியிருக்கணும். அந்த மூணு பேரும் ஓங்குத ஒவ்வொரு அடிக்கும் நாலு பக்கக் காயி ஒண்ண உருட்டிக் கூட்டிக்கிடலாம். பத்துச் சுத்து வரைக்கும் நிக்கும். நாலு பக்கக் காயிக்கு சராசரி ரெண்டர. இருபது பக்கக் காயில ரெண்டரன்னா, நூத்துக்குப் பன்னெண்டர பங்கு கூடுதலாப் படும். ஒருத்தி ஒரு தடவ கைய அசைச்சா, மூணு பேரு ஒவ்வொரு தடவ ஓங்கும்போதும் இந்தப் பன்னெண்டர கூடவே வருது. இத விடப் பெரிய அடி எதுலே?

நம்மூர்க் கொடயில வில்லுப்பாட்டு பாத்திருக்கல்லா. புலவர் வீசுகோல ஓங்கித் தட்டிப் பாடுவாரு. கூட்டம் அவரத்தான் பாக்கும். பக்கத்துல ஒருத்தன் "ஆமா, ஆமா"ன்னுகிட்டு இருப்பான். அவன் ஒரு ராத்திரி வரலன்னு வையி, புலவருக்குப் பாதிக் கதையிலயே தொண்ட கட்டிரும். நீ என்ன பண்ணியிருக்கன்னா, நாலு புலவர மேடயில ஏத்திட்ட. ஆமா போட ஆளில்ல.

இதுல நான் ஒண்ணும் கத கட்டல. எமரால்டு குரோவுக்குக் கீழ அந்த மணல்கரயில நடந்தத நானும் கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்தேன்? மிர்கான்னு ஒரு சின்னப் பய தண்ணியப் பாத்து அப்பிடியே சொக்கிப் போயி நிக்கான். பாறைக்குப் பின்னால இருந்து ஹார்பிக கெளம்புது, பாதி பொம்பள, பாதி பறவ. ஒருத்தி ஒசரத்துல உக்காந்து பாட எடுக்கா. விஸ்டம் காய உருட்டித் தப்பிக்கணும். ஒன் ஆளுக யாருக்கும் விஸ்டம் பக்கமே தல வச்சிப் படுத்த பழக்கம் இல்ல. மொதல்ல கார்லக் வாயப் பொளந்துக்கிட்டு நடந்து போறா. அடுத்தால லேசெல். ஊரயே நறுக்கிருவேன்னு பேசுதவ, வாளத் தொங்கப் போட்டுக்கிட்டு பூன மாதிரி போறா. பெறவு நீ. மிச்சம் இருந்தது கூலிக்காரன் ஒருத்தன். அவன் என்ன பண்ணான்? ஒம்பது மீட்டர் ஓடுனான். பாறைக்கு அடியில போயி நின்னான். மேல பாத்தான். அம்புட்டுதான், அவன் முற முடிஞ்சிது. அடுத்த சுத்துல அவன் ஏறிப் போறதுக்குள்ள அவ எறக்கைய விரிச்சி அடுத்த பாறைக்குப் போயிட்டா. மேளக்காரன் பின்னால போற சின்னப் பயலுவ மாதிரி மூணு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நடக்கீங்க.

அவன் முதுகுல ஒரு வில்லு தொங்குச்சி. நீ தொட்டுக்கூடப் பாக்கல.

ஷேடோஹார்ட் நின்னு பிளெஸ் போட்டிருந்தா, அந்த நாலு பக்கக் காயி அடிக்கு மட்டும் இல்லலே, மயக்கத்துல இருந்து தப்பிக்கவும் கூடும். மூணு பேர்ல ஒருத்தனாவது நின்னிருப்பான். அஸ்டாரியன் எதுத்த பாறையில ஏறி ஒளிஞ்சி நின்னிருந்தான்னு வையி, மேட்டுல இருந்து எய்தா 2 கூடும், பள்ளத்துல இருந்து எய்தா 2 கொறயும். அதோட ஸ்னீக் அட்டாக் வேற. அதுக்கு ஒண்ணு அவன் மறஞ்சி இருந்து அடிக்கணும், இல்லன்னா எதிராளி பக்கத்துலயே நம்ம ஆள் ஒருத்தன் நிக்கணும். அங்கதாம்ல கணக்கு இருக்கு. லேசெல் போயி ஒருத்தன மறிச்சி நிக்கா பாரு, அவ வெட்டு படலன்னாலும் அஸ்டாரியனுக்கு அவ வழி விட்டாச்சி. ஒருத்தன் முற முடியும்போது அடுத்தவனுக்கு ஏதாவது மிச்சம் வச்சிட்டுப் போகணும். ஒன் படையில ஒருத்தனும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் வைக்க மாட்டான். நாலு பேரும் தனித்தனியாப் போயி தனித்தனியா அடி வாங்குதான்.

"ஒரு டேங்க், ஒரு ஹீலர், ரெண்டு டேமேஜ்"னு எங்கயோ படிச்சிட்டு வந்து என்கிட்ட ஒப்பிக்காத. அந்தப் பாட்டு இங்க செல்லாது. காயத்துக்கு மருந்து போடன்னே ஒரு ஆளக் கெட்டி மேய்க்க வேண்டாம். அவன் இருவது எடுக்கான், நீ எட்டு குடுக்க, இது என்ன யாவாரம்? விழுந்தவன எழுப்புததுக்கு மட்டும் வச்சிக்கோ. ஹீலிங் வேர்டுன்னு ஒண்ணு இருக்கு, போனஸ் ஆக்‌ஷன்லயே முடிஞ்சிரும், 18 மீட்டர் தள்ளி நின்னே சொல்லலாம். விழுந்தவன் ஒரு உசுரோட எந்திரிச்சாலும் அவன் முறைய அவன் ஆடுவான்லா. மந்திரக்காரி இல்லியா, கையில மருந்துப் புட்டி இருக்கும். அத வாயில ஊத்தணும்னு எவன் சொன்னான்? காலடியில எறி. ஒடஞ்சி செதறுத எடத்துல எவனெல்லாம் நிக்கானோ அம்புட்டுப் பேருக்கும் உசுரு ஏறும். இத நீ இன்னும் பண்ணிப் பாக்கல. நீ புட்டியச் சேத்து வச்சிக்கிட்டே செத்துப் போற ஜாதி.

அடுத்தது கான்சன்ட்ரேஷன். இதத்தான் ஒருத்தனும் எண்ணிப் பாக்க மாட்டேங்கான். பிளெஸ், ஹேஸ்ட், ஹோல்ட் பெர்சன், ஸ்பிரிட் கார்டியன்ஸ், இதெல்லாம் ஒருத்தன் ஒரு நேரத்துல ஒண்ணுதான் பிடிச்சி நிறுத்த முடியும். ரெண்டாவதத் தொட்டா மொதல்ல போட்டது போயிரும். நாலு பேர் படையில நாலு பிடி இருக்கு. ஒன் படையில எத்தன? லேசெல்லும் கூலிக்காரனும் பிடிச்சி நிறுத்த ஒரு மந்திரமும் கைவசம் இல்ல. நீயும் கார்லக்கும் ரேஜ் ஏறிட்டா மந்திரமே ஆகாது. ஆக, சைபர். நாலு எடம் காலியாக் கெடக்கு, எவனும் குடி போகல.

அதுக்காக நாலு மந்திரவாதியச் சேத்துக்கிட்டு வந்து நிக்காத, அதுவும் கோட்டித்தனம்தான். மந்திரத்தப் பிடிச்சி நிக்கவன் மேல அடி விழுந்தா காய உருட்டணும், கொறஞ்சது 10 வரணும். பலத்த அடின்னா அதுல பாதி வரணும். கேல் அஞ்சாம் லெவலுக்கு வந்து லேசெல் மேல ஹேஸ்ட் போடுதான்னு வையி. அவ ஒரு சுத்துல ரெண்டு ஆள் வேல பாப்பா. எவனாவது ஒரு கோப்ளின் கேல் மேல அம்ப எறிஞ்சி, மந்திரம் கலஞ்சிட்டுன்னா, லேசெல் அடுத்த முற பூரா சோந்து போயி மரமா நிப்பா. கேல நிறுத்தத் தெரிஞ்சவன்தான் ஹேஸ்ட்டத் தொடணும். கதவுக்குப் பின்னால நிறுத்து, தூணுக்குப் பின்னால நிறுத்து, அவன் முன்னால கார்லக்க நிறுத்து. அவ பக்கத்துல வாரவனத் தள்ளிவிடுவா, ஷவ்வும் போனஸ் ஆக்‌ஷன்தான். பாறை விளிம்புல நிக்கவனுக்கு எம்புட்டு உசுரு இருந்தா என்ன, கீழ போனாப் போனதுதான்.

"யூடியூப்ல ஒருத்தன் தனி ஆளா ஆடியே முடிச்சிட்டான்"ங்குவ. முடிச்சிருப்பான். எந்தக் கோப்ளின் எந்தத் தூணுக்குப் பின்னால நிக்கான், எத்தன மணிக்கு ஒண்ணுக்குப் போவான்னு அவனுக்குத் தெரியும். ஒனக்கு ஒன் பையில என்ன இருக்குன்னே தெரியல. அதே மாதிரி, பதினோராம் லெவல்ல லேசெல் ஒரு ஆக்‌ஷனுக்கு மூணு வெட்டு வெட்டுவா, அப்ப நாலு வெட்டுக்காரன வச்சிக்கிட்டும் ஒப்பேத்தலாம். மொத்தமே பன்னெண்டு லெவல்தான். நீ மூணாவதுல நின்னுக்கிட்டு பதினொண்ணுக்குத் திட்டம் போடுத.

இன்னொண்ணு, இது சண்டயில தெரியாது. சண்ட முடிஞ்ச பெறவுதான் தெரியும். லாங் ரெஸ்ட் எடுக்க சாப்பாட்டுச் சாமான் 40 வேணும். கஷ்டமான மோடுன்னா 80. ஒரு லாங் ரெஸ்டுக்கு நடுவுல ரெண்டு ஷார்ட் ரெஸ்ட், அது ஓசி, எல்லாருக்கும் பாதி உசுரு ஏறும். இப்பச் சொல்லு, யாருக்கு எதுல சரக்குத் திரும்பி வரும்? ஃபைட்டருக்கு ஆக்‌ஷன் சர்ஜ் ஷார்ட் ரெஸ்டுலயே வந்துரும். வார்லாக் வில் இருக்கான்லா, அவனுக்கு மந்திர எடம் ரெண்டே ரெண்டுதான். ஆனா ஷார்ட் ரெஸ்டு எடுத்தா அந்த ரெண்டும் முழுசாத் திரும்பிரும். கேலுக்கும் ஷேடோஹார்ட்டுக்கும் லாங் ரெஸ்டு வேணும். பார்பேரியனுக்கு? ரேஜும் லாங் ரெஸ்டுலதான் வரும். நீயும் கார்லக்கும் காலையில ரெண்டு சண்டயில கோவத்த எல்லாம் கொட்டித் தீத்துட்டு, மத்தியானத்துக்கு மேல சும்மா கம்பத் தூக்கிட்டு அலையுதீங்க. அதாம்ல ஒங்க படை ஒரு நாளைக்கு மூணு தடவ முகாமுக்கு ஓடுது. சாமான் தீந்து போச்சுன்னு கோழி முட்டையும் கேரட்டும் பொறுக்கிட்டு அலையுதத நானும் பாத்தேன். பாதிப் பேரு ஷார்ட் ரெஸ்டுல தேறுதவனா இருக்கணும், பாதிப் பேரு பெரிய சண்டைக்குன்னு சரக்க எடுத்து வைக்கவனா இருக்கணும். பார்டு ஒருத்தன் கூட இருந்தா ரெண்டாம் லெவல்லயே பாட்டுப் பாடி மூணாவதா ஒரு ஷார்ட் ரெஸ்டும் குடுத்துருவான்.

பேச்சுக்கு வாரேன். கோப்ளின் முகாம் வாசல்ல லேசெல்ல முன்னால நடக்க விட்டிருக்க. அவ கரிஸ்மா 8. பக்குவமா ரெண்டு வார்த்த பேசுனா தொறக்க வேண்டிய வாசல், எச்சரிக்க மேளம் அடிக்கத அளவுக்குப் போச்சி. யாரு முன்னால போறாளோ அவ வாயிதான் படையோட வாயி. பேசும்போது ஷேடோஹார்ட் பக்கத்துல நின்னு கைடன்ஸ் போட்டா அதுக்கும் ஒரு நாலு பக்கக் காயி கூடும். பூட்டுக்கும் இதே கததான். கோடாலியால ஒடைக்கேன்னு ஒடச்சி உள்ள இருந்த பொடி, மருந்தெல்லாம் என்ன ஆச்சி?

1998-ல வந்த மொத பால்டர்ஸ் கேட்டுல ஆறு பேரக் கூட்டிட்டுப் போகலாம். அதுல ஒரு தண்டச்சோறு இருந்தாலும் அஞ்சு பேரு இழுத்துருவான். அந்தக் காலத்து மின்ஸ்க்கும் ஜஹைராவும் இந்தக் கதையிலயும் பின்னால வாராங்க, நரச்ச தலயோட ஜஹைராவப் பாக்கும்போது எனக்கு ஒரு மரியாத வரும், அது கெடக்கட்டும். இதுல நாலே பேரு. ஒருத்தன் சும்மா நின்னா கால்வாசிப் படை போச்சி.

ஒன் படைக்கும் ஒரு நல்ல காலம் வரும்னு நெனப்ப. கீழ கிரிம்ஃபோர்ஜுல கிரிம்னு ஒரு இரும்புப் பூதம் இருக்கு, அங்க போயி நாலு பேரும் சேந்து வெட்டுவோம்னு. வெட்டு பாப்பம். லாவாவுல எறக்கிப் பழுக்கக் காய்ச்சாம அவன ஒரு மயிரும் பண்ண முடியாது. பழுத்தாலும் வாளுக்கு அசர மாட்டான், மொத்துற ஆயுதத்துக்குத்தான் அசருவான். அங்க மேல பெரிய சுத்தியல் தொங்குது. கடசியா அடிச்சவன் யாரோ அவன் பின்னாலதான் பூதம் வரும். ஆக, ஒருத்தன் வால்வத் தொறந்து லாவாவ விடணும், ஒருத்தன் தூரத்துல நின்னு ஒரு அம்ப எறிஞ்சி சுத்தியலுக்கு நேர் கீழ அவன இழுத்துட்டு வரணும், இன்னொருத்தன் லிவரத் தட்டணும். அம்ப எறிஞ்சவன் ஒரு புள்ளி டேமேஜ் பண்ணாப் போதும். அந்தச் சண்டயில ஜெயிக்கது லிவர் பக்கத்துல தேமேன்னு நின்னவன்தான்.

ஆளுகளோட கொணத்தையும் பாத்துக்கோ. லேசெல்லும் ஷேடோஹார்ட்டும் ராத்திரி முகாம்ல கழுத்துல கத்தி வச்சிருவாங்க. நீ நடுவுல புகுந்து தீத்து வைக்கணும். எளியவனுக்கு உதவி பண்ணா அஸ்டாரியன் மூஞ்சியத் தூக்குவான். குரோவுல அடச்சிக் கெடக்கவங்களக் கோப்ளினோட சேந்து நீ கொன்னா கார்லக்கும் வில்லும் ஒன்கூட இருக்க மாட்டாங்க. கூலிக்காரனுக்கு இந்த வம்பெல்லாம் இல்லதான். அவன் கோவிக்கவும் மாட்டான், ராத்திரி நெருப்புப் பக்கத்துல உக்காந்து ஒரு கதையும் சொல்ல மாட்டான். அவன ஏன் கூட்டிட்டுத் திரியுதன்னு எனக்கு வெளங்கவே இல்ல.

ஒன் கணக்குல தங்கக் காயி ஒண்ணு உருளுதே, அது எப்பிடி வந்துச்சின்னு போன மாசம் கேட்டல்லா. கேம்ல ஏதோ பக்குன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்ட. 2023 நவம்பர் கடசியில ஹானர் மோடுன்னு ஒண்ண எறக்குனான். ஒரே ஒரு சேவ். படை மொத்தமும் விழுந்தா மானம் போச்சின்னு கணக்க முடிச்சிருவான். முழுசா முடிச்சாத்தான் அந்தக் காயி. நீ காலேஜுக்குப் போன நேரத்துல ஆத்தா சீரியல் பாத்துக்கிட்டிருந்தா. நான் மட்டும் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்னா நெனச்ச?

இப்ப எந்திரிச்சி முகாமுக்குப் போ. கூலிக்காரன அனுப்பிரு. ஷேடோஹார்ட்ட எழுப்பு. ட்ரிக்கரி வேண்டாம்னா அவளையும் விதர்ஸுகிட்ட நிறுத்தி வேற டொமைனுக்கு மாத்தலாம், லைட்டு எனக்குப் பிடிக்கும். கார்லக் இருக்கட்டும், ஆனா கையில ஒரு ஈட்டியக் குடுத்து எறியச் சொல்லு, ஒசரத்துல நிக்கவனுக்கும் பதில் சொல்லுவா. நாலாவது ஆளு கேலோ வில்லோ, போற எடத்தப் பொறுத்து மாத்திக்கோ. கேல் மூணு மந்திரச் சாமானத் திம்பான், குடு, கருமித்தனம் பண்ணாத.

பெறவு நீயும் விதர்ஸு முன்னால நில்லு. 100 பொன்னக் குடுத்து பார்பேரியன விட்டுட்டு பார்டா மாறு. மூஞ்சியச் சுளிக்காதலே, பாட்டுக்காரன்னா எளக்காரமா? அந்த மணல்கரயில ஒன்னப் போட்டுத் தள்ளுனது யாரு, வெட்டுக்காரியா, பாட்டுக்காரியா? பார்டுக்குக் கரிஸ்மா இருக்கும், வாயி இருக்கும், ஹீலிங் வேர்டு இருக்கும், ஸ்லைட் ஆஃப் ஹேண்டுல தேர்ச்சி வச்சன்னா பூட்டும் தொறப்ப. மாறி முடிச்சதும் பைய அந்தக் கெழவனுக்குப் பின்னால போயி குனிஞ்சி, நீ குடுத்த 100 பொன்ன அவன் பையில இருந்தே உருவிரு. மொத காரியமா கைடன்ஸ் போட்டுக்கோ. மாட்டிக்கிட்டா என் பேர இழுக்காத.